காரணம் கேட்காத சொல்

சொல் வந்த வழி – 17

சென்ற வாரம் கட்டுமரத்தின் பின்னால் போனோம். இந்த வாரமும் ஏறக்குறைய அதே கடல், அதே போர்ச்சுகீசியக் கப்பல்கள்தான். ஏற்றிப்போன சொல் மட்டும் வேறு. அதற்குள் ரத்தமும் சத்தியமும் துக்கமும் இருந்தன. லண்டனில் இறங்கும்போது வெறும் வெறி மட்டுமே மிஞ்சியிருந்தது.

ஆங்கிலத்தில் ‘அமோக்’ என்று ஒரு வினையடை உண்டு. ‘ரன்’ என்ற வினையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அது பெரும்பாலும் வெளியே வரும். கேரளத்துக் கோயில் திருவிழாவில் யானை மிரண்டு ஓடினால், மறுநாள் ஆங்கில நாளிதழின் தலைப்பில் ‘ரன் அமோக்’ இருக்கும். ஒருவன் கத்தியோடு தெருவில் இறங்கி எதிர்ப்பட்டவர்களை எல்லாம் வெட்டினாலும் அதே சொல்தான். விருந்துக்கு வந்த பிள்ளைகள் வீட்டை இரண்டுபடுத்தினாலும் அதேதான். கண் மண் தெரியாத ஆவேசம், கட்டுக்கடங்காத ஓட்டம் என்பதுதான் இன்று அதற்குப் பொருள்.

சொல்லின் பிறந்த வீடு மலாய் மொழி. அங்கே அது ‘அமுக்’. ஆவேசத்தோடு பாய்ந்து தாக்குவதைக் குறிக்கும் வேர்ச்சொல். அதிலிருந்து ‘மெங்அமுக்’ என்ற வினை வரும், ‘பெங்அமுக்’ என்று அதைச் செய்பவனுக்கு ஒரு பெயரும் வரும். பழைய ஜாவானிய இலக்கிய மொழியிலும் ‘அமுக்’ இருக்கிறது. அங்கே அது போர்க்களத்துச் சொல். அணி அணியாக நின்று எய்வதும் எறிவதும் முடிந்து, உயிரை ஒரு பொருட்டாக எண்ணாமல் எதிரிப் படைக்குள் புகுந்து கலக்குவது அமுக். நம் புறத்திணை நூல்கள் தும்பை, நொச்சி, உழிஞை என்று போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவைச் சூட்டிப் பெயர் வைத்ததுபோல, அவர்களுக்குக் களத்தின் அந்தக் கட்டத்துக்கு இது பெயர். பைத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வீரத்தின் கடைசிப் படி அது.

மலாய் மக்கள் இந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஹாங் ஜெபாட். மலாக்கா அரசவையின் வீரன். ‘ஹிகாயாட் ஹாங் துவா’ என்ற பழைய மலாய்க் காவியத்தில் அவன் கதை வருகிறது. அவனுடைய உயிர்த்தோழன் ஹாங் துவா மீது பொறாமைக்காரர்கள் அவதூறு கிளப்புகிறார்கள். சுல்தான் விசாரிக்காமலே மரண தண்டனை விதிக்கிறார். பெண்டாஹாரா, அதாவது முதலமைச்சர், துவாவைக் கொல்லாமல் ஒளித்து வைத்துவிடுகிறார். இது தெரியாத ஜெபாட், குற்றமில்லாத நண்பனைக் கொன்ற அரசனை எதிர்த்து எழுந்து அரண்மனையையே கைப்பற்றிக்கொள்கிறான். யாராலும் அவனை அடக்க முடியவில்லை. ஒளிந்திருந்த துவாவை வரவழைத்து, கையில் கிரிஸ் என்ற குறுவாளைக் கொடுத்து, நண்பனைக் கொல்ல அனுப்புகிறார் அதே சுல்தான். துவாவும் போகிறான், அரச விசுவாசம் அப்படிப்பட்டது. குத்துப்பட்ட ஜெபாட் காயத்தைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஊருக்குள் இறங்கி ‘மெங்அமுக்’ செய்கிறான். கண்ணில் பட்டவர்கள் எல்லாம் மடிகிறார்கள். கடைசியில் துவாவின் மடியில்தான் அவன் உயிர் பிரிகிறது.

இந்தக் கதையில் ஆவேசம் இருக்கிறது, அநியாயமான சாவுகளும் இருக்கின்றன. ஆனால் ஒரு குழந்தைகூட ‘ஜெபாட் ஏன் அப்படிச் செய்தான்’ என்று கேட்டால் பதில் சொல்லிவிட முடியும்.

இனி ஐரோப்பியர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு வருவோம். வெனிஸ் நகரத்து வணிகர் நிக்கோலோ கோண்டி 15-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மலாயும் ஜாவானியமும் வழங்கிய தீவுகளுக்கு வந்தார். அவர் சொல்லைப் பயன்படுத்தவில்லை, செயலை விவரித்திருக்கிறார். கடனைத் திருப்பித் தர முடியாதவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமையாக வேண்டும். அடிமை வாழ்வைவிடச் சாவே மேல் என்று நினைப்பவன் வாளை உருவிக்கொண்டு தெருவில் இறங்குவான். தன்னைவிட வல்லவன் ஒருவன் கையால் சாகும்வரை வெட்டிக்கொண்டே போவான் என்கிறார். மானம் போவதா, உயிர் போவதா என்ற கணக்கு அதில் வெளிப்படையாக இருக்கிறது.

சொல்லைக் கொண்டு வந்தவர் துவார்த்தே பர்போசா. கண்ணூரில் போர்ச்சுகீசியப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்தவர், மலையாளம் நன்றாகத் தெரிந்தவர். 1516-ஐ ஒட்டி அவர் எழுதிய நூலில் ஜாவாக்காரர்களைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. கடும் நோயில் விழுந்த சிலர், பிழைத்து எழுந்தால் இதைவிட மானமுள்ள சாவைத் தேடிக்கொள்கிறேன் என்று கடவுளுக்கு நேர்ந்துகொள்வார்களாம். குணமானதும் குறுவாளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவார்கள். அதைக் கண்ட ஊரார் மற்றவர்கள் தப்பிக்கொள்ளட்டும் என்று ‘அமுக்கோ, அமுக்கோ’ எனக் கூவுவார்கள். ஆக, ஐரோப்பிய ஏட்டில் இந்தச் சொல் ஏறிய தொடக்கக் காலத்தில் அது ஓர் எச்சரிக்கைக் குரலாகவும், நேர்த்திக்கடன் தீர்க்கப் புறப்பட்ட ஒரு மனிதனின் பெயராகவும் இருந்தது.

போர்ச்சுகீசியர்கள் ‘அமோக்கோ’ என்ற தங்கள் வடிவத்தை ஜாவாவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மலபாரில் தாங்கள் கண்ட ஒரு கூட்டத்துக்கும் அதையே சூட்டினார்கள். 1503-இல் கோழிக்கோட்டுச் சாமூதிரி, போர்ச்சுகீசியருக்கு இடம் கொடுத்த கொச்சி மீது படையெடுத்தார். கொச்சியின் இளவரசர்கள் களத்தில் மாண்டார்கள். அவர்களோடு சாகாமல் மிஞ்சிய நாயர் வீரர்கள் 200-க்கு மேல். தலைவன் விழுந்த இடத்தில் தாங்களும் விழவில்லையே என்ற வெட்கம் தாளாமல், அவர்கள் புருவம் உட்பட உடம்பின் மயிர் முழுவதையும் மழித்துக்கொண்டு, உற்றார் உறவினரைத் தழுவி விடைபெற்று, கோழிக்கோட்டு ஆட்களைத் தேடிப் புறப்பட்டார்கள் என்று போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் காஸ்பர் கொரியா எழுதுகிறார். அவர்கள் தங்களை ஏற்கெனவே செத்தவர்களாகவே எண்ணிக்கொண்டார்கள் என்பது அவர் தரும் செய்தி. வாழை இலை போட்டுப் பிண்டம் வைப்பது மட்டும்தான் பாக்கி.

இவர்களுக்கு மலையாளத்தில் சொந்தப் பெயர் உண்டு: சாவேர். சாவை ஏற்றவர்கள். பாரதப்புழைக் கரையில் திருநாவாயாவில் 12 ஆண்டுக்கு ஒருமுறை நடந்த மாமாங்கத்தில் சாமூதிரி உயர்ந்த மேடையில் வாளேந்தி நிற்பார். அந்த உரிமை தங்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்று கருதிய வள்ளுவநாட்டு அரசர், தம் சாவேர்களை அந்த மேடையை நோக்கி அனுப்புவார். காவலுக்கு நிற்கும் ஆயிரக்கணக்கான படைவீரர்களைத் தாண்டி மேடை ஏற வேண்டும். போகிறவர்கள் திரும்பமாட்டார்கள் என்பது போகிறவர்களுக்கும் தெரியும், வழியனுப்பும் தாய்மார்களுக்கும் தெரியும். ஹைதர் அலியின் படையெடுப்போடு மாமாங்கம் நின்றது. வில்லியம் லோகன் தம் ‘மலபார் கையேட்டில்’ (1887) இதை விரிவாக எழுதியிருக்கிறார். வீழ்ந்தவர்களின் உடல்களை யானைகளைக் கொண்டு தள்ளியதாகச் சொல்லப்படும் மணிக்கிணறு இன்றும் திருநாவாயாவில் இருக்கிறது.

இங்கே தமிழ் வாசகர்களுக்குக் காது விடைக்கும் ஓர் இடம் வருகிறது. ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்திய அகராதியைத் தொகுத்தவர்கள் ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும். பர்னல் சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரி. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்த பெரிய உழைப்பாளி. அகராதி 1886-இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்த அகராதி இந்தச் சொல்லுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்து, மலபாரில் வழங்கிய வடிவத்துக்கு வேறு மூலம் இருக்கலாமோ என்று தேடுகிறது. விடுவிக்க முடியாதது என்ற பொருளில் ஒரு சமஸ்கிருதச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறது. கூடவே ‘அமர்க்கன்’ என்ற மலையாளச் சொல்லையும் முன்வைக்கிறது. போர் வீரன் என்று பொருள். அடிச்சொல் ‘அமர்’, போர். சங்க இலக்கியம் படித்த யாருக்கும் அது சொந்த வீட்டுச் சொல்.

ஆசையாகத்தான் இருக்கிறது. ‘அமர்’ கப்பலேறி ‘அமோக்’ ஆனது என்று மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். ஆனால் நான் அதை ஏற்கவில்லை. பழைய ஜாவானியத்திலும் மலாயிலும் இந்தச் சொல் வினையாக, பெயராக, விகுதிகள் ஏற்றுக் கிளைத்து வேரோடு நிற்கிறது. மலபாரில் மக்கள் தங்கள் வாயால் சொன்னது சாவேர் என்றுதான். ‘அமோக்கோ’ என்று எழுதியது போர்ச்சுகீசியப் பேனா. ஓரிடத்தில் கற்ற சொல்லை, அதேபோலத் தோன்றிய இன்னோரிடத்து வழக்கத்துக்கும் அவர்கள் ஒட்டிவிட்டார்கள். நம்முடையது அல்லாததை நம்முடையது என்று சொல்லிக்கொள்வதால் தமிழுக்கு ஏற்றம் எதுவும் வந்துவிடாது.

இங்கிலாந்துக்குள் இந்தச் சொல் 17-ஆம் நூற்றாண்டில் நுழைந்தது. கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல் 1670-களில் எழுதிய ஒரு கண்டன நூலில் இது வருகிறது. எதிராளி இந்தியர்களைப்போல ஆவேசமாக ஓடுகிறான் என்று ஏசுவதற்குப் பயன்படுத்துகிறார். மலாக்காவும் ஜாவாவும் மலபாரும் அவருக்கு ஒரே ‘இந்தியா’. 1687-இல் டிரைடனும் தம் நீண்ட கவிதை ஒன்றில் இதை எடுத்தாள்கிறார். இவர்கள் இருவருமே ‘அமக்’ என்று கேட்டதை ‘அ’ தனி, ‘மக்’ தனி என்று இரண்டாகப் பிரித்து எழுதினார்கள்.

இது அலட்சியத்தால் நேர்ந்த பிழை என்று தள்ளிவிட வேண்டாம். சொல்லின் தலையெழுத்தை மாற்றியதே இந்தப் பிரிப்புதான். ஆங்கிலத்தில் ‘அ’ என்ற ஓசையோடு தொடங்கும் வினையடைகள் ஏராளம். கரையில் என்பதற்கு ‘அஷோர்’, உறக்கத்தில் என்பதற்கு ‘அஸ்லீப்’, நடந்தபடி என்பதற்கு ‘அஃபுட்’. பழைய ஆங்கிலத்தில் ‘மேல், இல்’ என்று பொருள் தந்த ‘ஆன்’ தேய்ந்து இப்படி ஒட்டிக்கொண்டது. தவிர, ‘ஒரு’ என்று சொல்லவும் அவர்களுக்கு அதே ‘அ’தான். எனவே ஆங்கிலக் காதுக்கு ‘அமுக்’ என்ற மலாய் வேர்ச்சொல் ஏற்கெனவே ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததாகத் தோன்றியது. ‘மக்’ என்றால் ஆங்கிலத்தில் எருவும் சேறும். பொருள் பொருந்தவில்லை, ஓசை பொருந்தியது. ஓசை பொருந்தினால் மொழிக்குப் போதும்.

1733-இல் அலெக்சாண்டர் போப் அங்கதக் கவிதையில் இதைக் கையாள்கிறார். 1823-இல் வெளியான ‘டான் ஜுவான்’ காவியத்தின் பத்தாம் காண்டத்தில் பைரன் இன்னும் ஒரு படி மேலே போய், ‘மக்’குக்குப் பன்மை போட்டு எழுதினார். அங்கே ஓடுகிறவர்கள் யார் தெரியுமா? டோவர் துறைமுகத்து விடுதியில், மணி அடிக்கும்போதெல்லாம் பதறி ஓடும் பரிமாறுபவர்கள். புருவத்தை மழித்துக்கொண்டு சாகப் புறப்பட்டவர்களின் சொல் முந்நூறு ஆண்டு சொச்சத்தில் காபிக் கோப்பை ஏந்தி ஓடுகிறவர்களுக்கு வந்துவிட்டது. 20-ஆம் நூற்றாண்டில் மூலத்துக்கு நெருக்கமான ‘ஓ’ எழுத்து வடிவம் பரவியபோது, 1926-இல் ஆங்கில வழக்கு அகராதி எழுதிய ஃபௌலர் அதை எதிர்த்தார். நெடுங்காலமாக வழங்கும் ‘அமக்’ இருக்க, பள்ளிக்கூடத்து வாத்தியார்த்தனமாக மூலத்தைத் தேடிப் போக வேண்டாம் என்பது அவர் கட்சி. அவர் தோற்றுப்போனார். இன்று ‘அமோக்’தான் அதிகம்.

இலக்கியத்தில் இது இப்படி விளையாட்டுச் சொல்லாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், கீழைக்கடல் நகரங்களில் மனிதர்கள் நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் குக்கின் ‘எண்டெவர்’ கப்பல் 1770 அக்டோபரில் டச்சுக்காரர்களின் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பழுதுபார்க்க நின்றது. அந்தப் பயணக் குறிப்புகள் 1773-இல் அச்சாகி வந்தபோது, இந்தச் சொல்லை ஐரோப்பா முழுவதும் தெரிந்துகொண்டது. அபின் தின்று வெறியேறி ஓடுகிறார்கள் என்றார்கள். உயிரோடு பிடித்துக் கொடுக்கும் அதிகாரிக்கு வெகுமதி உண்டு. பிடிபட்டவனைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்துக் கொல்வார்கள். ஓடியவர்களில் பெரும்பாலோர் யார் என்பதை பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் தம் ‘ஜாவா வரலாறு’ (1817) நூலில் சொல்லிவிட்டார்: பெரிய நகரங்களில் இருந்த அடிமைகள். கோண்டி நானூறு ஆண்டுக்கு முன்பே சொன்னதும் அடிமைத்தனத்தைப் பற்றித்தானே? ஆனால் அபின் என்ற விளக்கம்தான் நிலைத்தது. அபினைக் காரணம் காட்டினால் ஆண்டையைக் கேள்வி கேட்க வேண்டாம்.

அடுத்து வருவது பினாங்கு, 1846 ஜூலை. இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. வீடு கட்டும் தொழில் செய்த, ஊரில் மரியாதையாக வாழ்ந்த ஒரு மலாய்க்காரர் திடீரென ஆயுதத்தோடு தெருவில் இறங்கினார். இறந்தவர்களில் ஓர் இந்து மூதாட்டி, ஒரு சீனச் சிறுவன், ஒரு ‘கிளிங்’ ஆண், தகப்பன் கையில் இருந்த மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு கிளிங் பெண் குழந்தை. ‘கிளிங்’ என்பது தென்னிந்தியர்களுக்கு, அதிலும் பெரும்பாலும் தமிழர்களுக்கு, அன்றைய மலாயாவில் வழங்கிய பெயர். காயம்பட்டவர்களிலும் நம்மவர்கள் பலர். அந்தக் குழந்தையின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

விசாரணையில் ஒரு செய்தி சாட்சியமாக வந்தது. அந்த மனிதரின் மனைவியும் ஒரே பிள்ளையும் சற்று முன்னர்தான் இறந்திருந்தார்கள். அதன்பின் அவர் ஆளே மாறிப்போயிருந்தார். நீதிபதி வில்லியம் நோரிஸ் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. குற்றம் நடந்து ஒரு வாரத்துக்குள் வழக்கும் தீர்ப்பும் தூக்கும் முடிந்தன. உடலை அறுத்துச் சோதிக்கவும், உறுப்புகளை உறவினரிடம் கொடுக்காமல் கடலிலோ பள்ளத்திலோ எறியவும் தீர்ப்பில் இடம் இருந்தது. கொலை கொலைதான். மூன்று வயதுக் குழந்தையைக் கொன்ற கைக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்தவன் என்ற செய்தி நீதிமன்றத்துக்குள் வந்தும், அந்தச் செய்தி நிற்க ஓர் இடம் அங்கே இல்லாமல்போனது. ‘அமோக் ஓடினான்’ என்றதுமே வழக்கின் காரணப் பகுதி நிரப்பப்பட்டுவிட்டது.

மலாய் மக்களிடம் அந்த இடத்துக்குச் சொற்கள் இருந்தன. உள்ளே புழுங்கிக்கொண்டிருக்கும் நாட்களுக்கு ‘சாக்கிட் ஹாத்தி’ என்பார்கள், நெஞ்சு நோவு. அவமானமோ இழப்போ ஒருவனை மூலையில் உட்கார வைத்துவிடும் நிலை. அது முற்றி வெடிக்கும் கணத்துக்கு ‘மாத்தா கெலாப்’, கண் இருளல். நெஞ்சு நோவு, கண் இருளல், பாய்ச்சல் என்று மூன்று படிகள். ஐரோப்பா மூன்றாவதை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பிறகு மருத்துவர்கள் வந்தார்கள். சிங்கப்பூர் அரசு மனநல விடுதியின் கண்காணிப்பாளர் கில்மோர் எல்லிஸ் 1893-இல் இதைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் 1895-இல் வெளியிட்ட ‘மலாய்ச் சித்திரங்கள்’ நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் வைத்தார். 1891 பிப்ரவரியில் பேராக் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் ஊர் மதிப்புள்ள ஒருவர் மைத்துனர் வீட்டுக்குப் போய், அவர் கையைப் பற்றி மன்னிப்புக் கேட்டு, அடுத்துத் தன் மனைவியிடமும் மன்னிப்புக் கேட்டு, கேட்ட கையோடு மனைவியைக் குத்திய நிகழ்வை நேரடி விசாரணைக் குறிப்பு மாதிரி விவரிக்கிறார். அந்த மன்னிப்புதான் என்னை உலுக்குகிறது. வெறியில் இருப்பவன் முன்கூட்டி மன்னிப்புக் கேட்பானா? 1994-இல் வெளியான அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் நான்காம் பதிப்பில், இந்தச் சொல் குறிப்பிட்ட பண்பாடுகளுக்கே உரிய மனக்கோளாறுகளின் பட்டியலில் இருந்தது.

பண்பாட்டுக்கே உரியது என்றவர்களுக்கு ஜெர்மன் மொழி பதில் வைத்திருக்கிறது. ஸ்டெஃபான் ஸ்வைக் 1922-இல் ‘அமோக்’ குறுநாவலை எழுதினார். அதில் அமோக் ஓடுவது டச்சுத் தீவுகளில் பணிபுரிந்த ஓர் ஐரோப்பிய மருத்துவர். இன்று ஜெர்மன் செய்தித்தாளில் ‘அமோக்லாஃப்’ என்று கண்டால் யாரும் மலாயாவை நினைப்பதில்லை. 2002-இல் ஏர்ஃபுர்ட், 2009-இல் வின்னெண்டென் என்று பள்ளிக்கூடங்களில் நடந்த துப்பாக்கிச் சூடுகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. எந்தப் பண்பாட்டின் நோய் என்று இப்போது அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

சொந்த மண்ணில் இந்தச் சொல் நோய்ப் பட்டியலுக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. மிட்டாய் கேட்டு அழுது புரளும் குழந்தை ‘மெங்அமுக்’ செய்யும். புயலும் மெங்அமுக் செய்யும். இந்தோனேசிய நாளிதழ்கள் தீயைச் ‘செஞ்சேவல்’ என்று செல்லப்பெயரிட்டு எழுதும். சந்தை எரிந்தால் செஞ்சேவல் மெங்அமுக் செய்தது என்பதுதான் தலைப்பு. ஆங்கிலத்தில் ‘அமோக்’ எப்படி ஓடினான் என்பதை மட்டும் சொல்லும். மலாயில் அது வினை. யார் செய்தார், யார் மேல் செய்தார் என்று வாக்கியம் விரியும்.

ஹாங் ஜெபாட்டும் திரும்பி வந்தான். மலாயா விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி எழுத்தாளர்கள் பழைய கதையைப் புதிதாகப் படித்தார்கள். நூற்றாண்டுகளாக விசுவாசத்தின் உருவமாக ஹாங் துவாவைத்தான் கொண்டாடினார்கள். அலி அஜிஸ் தம் நாடகத்திலும், 1961-இல் உஸ்மான் அவாங் ‘ஒரு வீரனின் மரணம்’ நாடகத்திலும் ஜெபாட்டை நடுவில் நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஹுசைன் ஹானிஃப் ‘ஹாங் ஜெபாட்’ படத்தை எடுத்தார். விசாரிக்காமல் தண்டித்த அரசனை எதிர்த்தது தவறா என்ற கேள்வி மேடைக்கு வந்தது. மலேசியாவில் ஜெபாட் செய்தது சரியா, துவா செய்தது சரியா என்ற வாதம் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

(அடுத்த வாரம்: ‘பெர்செர்க்’ – ஐஸ்லாந்தின் கரடித்தோல் வீரர்கள்)